கொலாஜன் தூள் வாங்கலாமா, சாப்பாட்டை மாற்றலாமா? சருமம் பொலிவுடன் இருக்க ஆலோசனை தேவை

செங்காங் வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. சிங்கப்பூரின் ஷென்டன் வே பகுதியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். அண்மைக் காலமாக என் முகம் களையிழந்து தெரிகிறது. கன்னங்களின் மேற்பகுதியில் பழுப்பு நிறத் திட்டுகள் வந்திருக்கின்றன. கண்ணோரங்களில் கோடுகள் விழத் தொடங்கிவிட்டன. கழுத்தின் பின்புறமும் பக்கங்களும் முகத்தைவிட நன்றாகவே கறுத்திருக்கின்றன. கடலை மாவு, எலுமிச்சை, தயிர் என்று பூசிக்கொள்ளும் வைத்தியங்களை அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். ஆனால் இங்கு நான் கேட்க விரும்புவது உணவைப் பற்றி மட்டுமே.

என் அலுவலகத் தோழிகளில் பெரும்பாலோர் கொலாஜன் தூளைத் தண்ணீரில் கரைத்து நாள்தோறும் குடிக்கிறார்கள். தோல் இறுகிப் பளபளப்பாகிறது என்கிறார்கள். மாதம் நூறு வெள்ளியை நெருங்கும் அந்தச் செலவை, இரண்டு பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக் கட்டணத்திற்கு நடுவில் செய்வதற்கு முன், அது உண்மையிலேயே பயன் தருமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை. முட்டையும் பாலும் சேர்த்துக்கொள்வேன். காலையில் காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்ந்த இனிப்பு) தடவிய ரொட்டியும் தேயும் (பால் தேநீர்), மதியம் உணவங்காடி நிலையத்தில் பீ ஹூன் (அரிசிச் சேமியா) அல்லது பரோட்டா, மாலையில் மீண்டும் ஒரு தே, இரவில் வீட்டுச் சோறும் சாம்பாரும் ஒரு பொரியலும் என்பதே என் வழக்கமான சாப்பாடு. இதில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற உணவியலாளர், தோ பாயோ:

அன்புத் தங்கைக்கு வணக்கம். பல ஆண்டுகள் மருத்துவமனையில் உணவு ஆலோசனை வழங்கியவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியை நான் பணியில் இருந்தபோது கேட்காத பெண்கள் குறைவு.

முதலில் கொலாஜன். நம் தோலின் உலர் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தப் புரதம்தான். தோலுக்கு உறுதியும் இழுவைத் தன்மையும் தருவது அதுவே. வயது வந்த பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு என்ற அளவில் அது குறைந்துகொண்டே வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் முதல் சில ஆண்டுகளில் பெண்களுக்கு இன்னும் வேகமாகக் குறைகிறது. இந்தச் செய்தியைச் சொல்லித்தான் கொலாஜன் தூளை விற்கிறார்கள். செய்தி உண்மையானது. ஆனால் நீங்கள் குடிக்கும் கொலாஜன் குடித்தபடியே கன்னத்தில் போய் அமர்ந்துகொள்வதில்லை. வயிற்றிலும் குடலிலும் செரித்து, அமினோ அமிலங்களாகவும் இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு துணுக்குகளாகவும் பிரிந்து இரத்தத்தில் கலக்கிறது. அவற்றை எங்கே, எதற்குப் பயன்படுத்துவது என்பதை உடல்தான் முடிவு செய்கிறது. தோலின் ஈரப்பதமும் மீள்தன்மையும் ஓரளவு கூடுவதாகச் சொல்லும் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் அந்தத் தூளைத் தயாரிக்கும் நிறுவனத்தினரே என்பதால், அந்த முடிவுகளை நம்பி மாதம் நூறு வெள்ளியைச் செலவழிக்குமாறு நான் யாருக்கும் சொன்னதில்லை. மேலும், கொலாஜன் விலங்குகளின் உடலில் மட்டுமே இருப்பது. மாட்டுத் தோல், பன்றித் தோல், மீன் செதில் ஆகியவற்றிலிருந்துதான் அதை எடுக்கிறார்கள். மீனே சாப்பிடாத உங்களுக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருக்கலாம்.

உடல் தன் கொலாஜனைத் தானே உருவாக்கிக்கொள்ள இரண்டு பொருள்களைக் கேட்கிறது: ஒன்று போதிய புரதம், மற்றொன்று வைட்டமின் சி. கொலாஜன் இழைகள் மூன்று மூன்றாக முறுக்கிக்கொண்டு உறுதிபெற, அவற்றிலுள்ள புரோலின், லைசின் என்ற அமினோ அமிலங்களில் ஒரு வேதிமாற்றம் நடக்க வேண்டும். அதைச் செய்யும் நொதி வைட்டமின் சி இல்லாமல் வேலை செய்யாது. முற்காலத்தில் மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளுக்கு ஈறுகளில் இரத்தம் கசிந்ததும், ஆறிய பழைய புண்கள் மீண்டும் திறந்துகொண்டதும் இதனால்தான். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அதைக் குணப்படுத்திக் காட்டினார்.

உங்கள் பட்டியலைப் பார்த்தால் புரதம்தான் மிகவும் குறைவாக இருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் என்பது வயது வந்தவர்களுக்கான அடிப்படை அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 48 கிராம். காயா ரொட்டியிலும் பீ ஹூனிலும் சொல்லிக்கொள்ளும்படியான புரதம் கிடையாது; சாம்பாரிலோ பருப்பைவிடத் தண்ணீரே அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நம் ஊரில் எந்தச் சந்தையிலும் மலிவாகக் கிடைக்கும் தவ்குவாவும் (கெட்டியான சோயாக் கட்டி) டெம்பேயும் (புளிக்கவைத்த சோயா) சைவ உணவினருக்குப் பெரிய கொடை. டெம்பேயில் நூறு கிராமுக்கு 19 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. மதிய உணவுக்கு யோங் தாவ் ஃபூ கடைக்குச் சென்று, மீன் விழுது திணிக்காத தவ்குவா, முட்டை, இரண்டு வகைக் கீரை, காளான் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, சூப் எதில் கொதித்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அது நெத்திலி அல்லது கோழி எலும்பில் கொதித்ததாக இருக்கும் என்பதால், சூப் இல்லாமல் வாங்குவதே உங்களுக்குச் சரி.

இனி, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். சர்க்கரை. இரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை தானாகவே புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. தோசைக்கல்லில் மாவு சிவந்து முறுகுவதற்குக் காரணமான வேதிவினைதான், மிக மிக மெதுவாக, நம் உடலுக்குள்ளும் நடக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் மையார் 1912-இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அப்படிச் சர்க்கரை ஒட்டிய கொலாஜன் இழைகள் பக்கத்து இழைகளோடு பிணைந்து விறைத்துவிடுகின்றன. வளைந்து நிமிரும் தன்மையை இழக்கின்றன. தோலிலுள்ள கொலாஜனில் பாதி புதுப்பிக்கப்படுவதற்கே ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே இன்று ஏற்படும் சேதம் நெடுங்காலம் நம்முடனேயே இருக்கும். நீரிழிவு நோயாளிகளுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவைக் கண்டறியும் எச்பிஏ1சி பரிசோதனையும் இதே ஒட்டுதலைத்தான் அளக்கிறது. அங்கே சிவப்பணுவில், இங்கே தோலில்.

உங்கள் தேயில் கெட்டிப்பால் ஊற்றுகிறார்கள். காயாவின் பெரும்பகுதி சர்க்கரை. வெள்ளை ரொட்டியும் பீ ஹூனும் மைதா பரோட்டாவும் விரைவாகச் சர்க்கரையாக மாறுபவை. சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். அதில் பாதியாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் அது கூறியது. முதல் வாரம் ‘தே சியூ தாய்’ (இனிப்புக் குறைவாக) என்று கேளுங்கள். பிறகு ‘தே சி கோசோங்’ (சர்க்கரை இல்லாமல், இனிப்பில்லாத பாலுடன்) என்று மாறுங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். 2023 டிசம்பர் 30 முதல் பெரிய பானக் கடைகளும் பானத்தின் சர்க்கரை, கொழுப்பு அளவை ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் எழுத்தைக் காட்ட வேண்டியிருப்பதால், பொபா தேநீர் வாங்கும்போது ‘டி’ என்ற எழுத்தைக் கண்டால் அதில் நூறு மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடும் என்று புரிந்துகொள்ளலாம்.

இறுதியாக உங்கள் கழுத்து. அந்தக் கருமையைத் தொட்டுப் பாருங்கள். தோல் சற்றுத் தடித்து, வெல்வெட் துணிபோல் மென்மையாகவும் மடிப்பு மடிப்பாகவும் இருக்கிறதா? அக்குளிலும் அதேபோல் இருக்கிறதா? அப்படியானால் அது அழுக்கும் அல்ல, வெயிலும் அல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது (இதை இன்சுலின் எதிர்ப்பு என்பார்கள்) உடல் அதை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அந்த மிகையான இன்சுலின் தோல் உயிரணுக்களைத் தூண்டிவிடுவதால் இந்தக் கருமை வருகிறது. நம் இந்தியச் சமூகத்தில் இது மிகவும் பரவலாக இருந்தும், எலுமிச்சையால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்களே தவிர, நீரிழிவு உண்டா என்று அறிய இரத்தப் பரிசோதனைக்குச் செல்பவர்கள் குறைவு. இதைப் பற்றி மறவாமல் பதில் எழுதுங்கள்.

தேக்காவில் சந்தை செய்பவள்:

வணக்கம் அக்கா. மேலே அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். மருத்துவ விளக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் இதையெல்லாம் வேலைக்குப் போகும் ஒருவர் எப்படிச் சமைப்பது என்பதை என்னால் சொல்ல முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குச் சென்று வாரத்திற்கு வேண்டியதை வாங்கிவந்துவிடுவது என் வழக்கம்.

முருங்கைக்கீரையை வாங்கியவுடன் ஒரு செய்தித்தாளில் சுற்றி, இரவு முழுவதும் மூடி வைத்தால், மறுநாள் உதறும்போதே இலைகள் பெரும்பாலும் காம்பைவிட்டு உதிர்ந்துவிடும். உட்கார்ந்து ஆய வேண்டிய வேலை குறையும். அந்த இலையைக் கழுவி ஈரம் போக உலர்த்தி டப்பாவில் வைத்துக்கொண்டால், பருப்பு வெந்து முடியும் நேரத்தில் ஒரு கைப்பிடி போட்டுக் கொதிக்கவிட்டு இறக்கலாம். அது கிடைக்காத வாரத்தில் சிவப்புப் பாயம், கங்கோங் ஆகிய கீரைகள் அருகிலுள்ள ஃபேர்பிரைஸ் பேரங்காடியிலேயே கிடைக்கும். பொரியலில் தேங்காய்த் துருவலோ ஒரு தேக்கரண்டி எண்ணெயோ இருக்கட்டும். கீரையிலும் கேரட்டிலும் உள்ள மஞ்சள், பச்சை நிறச் சத்துகள் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும் என்று சுகாதார வகுப்பு ஒன்றில் கேட்டிருக்கிறேன். எண்ணெயே கூடாது என்று ஆவியில் வேகவைத்துச் சாப்பிடும் என் அண்ணியிடம் இதை ஓயாமல் சொல்லிவருகிறேன்.

வைட்டமின் சிக்காக மாத்திரை வாங்க வேண்டாம் அக்கா. கொய்யா போதும். வெள்ளைக் கொய்யாவைத் தோலுடன் நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஒரு டப்பாவில் எடுத்துச் சென்றால் மாலைத் தேயோடு பிஸ்கட் தேடும் கை அங்கே போகும். பெரிய நெல்லிக்காய் வரும் நாளில் வாங்கிவந்து, கொட்டை நீக்கி, பச்சை மிளகாய், தேங்காய், தயிர் சேர்த்து அரைத்துப் பச்சடி செய்யுங்கள். சூடாக்காமல் சாப்பிட்டால் சத்து வீணாகாது. தக்காளி மட்டும் நேர்மாறானது. அதை நல்லெண்ணெயில் சுருள வதக்கித் தொக்காக்கினால்தான் அதன் சிவப்புச் சத்து உடலுக்கு நன்றாகக் கிடைக்கிறது.

இரவு நேரத்தில் முழு வெள்ளைச் சோற்றைத் திடீரென நிறுத்தினால் வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நான் பாதிக்குப் பாதி பழுப்பரிசி கலந்து, ஊறவைத்து, குக்கரில் வைக்கிறேன். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம் என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் படத்தைப் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பதால், அவர்களையே தட்டில் பரிமாறச் சொல்லிவிடுவேன். அதன் பிறகு முறையிடுவதற்கு அவர்களுக்கு வழியில்லை.

நிலவனப்புப் பணி மேற்பார்வையாளர், புக்கிட் பாத்தோக்:

சகோதரிக்கு வணக்கம். உணவைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள்; இருப்பினும் வெயிலைப் பற்றிப் பேசாமல் கன்னத் திட்டுகளைப் பற்றிப் பேச இயலாது என்பதால் எழுதுகிறேன். நாள் முழுவதும் திறந்த வெளியில் நின்று வேலை வாங்குபவன் நான்.

நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகை மட்டுமே வடக்கே இருக்கிறோம். சிங்கப்பூரின் கடிகாரம் உண்மையான சூரிய நேரத்தைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால், சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒரு மணியளவில்தான். அலுவலகத்தினர் சாப்பிடுவதற்காகக் கூட்டம் கூட்டமாக வெளியே நடப்பதும் அதே நேரம்தான். வானிலை ஆய்வு நிலையம் காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரை மணிக்கொரு முறை புறஊதாக் கதிர்க் குறியீட்டை வெளியிடுகிறது; நடுப்பகலில் அது 11-ஐத் தாண்டும் நாள்கள் இங்கே புதியவை அல்ல. 11-உம் அதற்கு மேலும் என்பது மிகக் கடுமையான நிலை. மேகமூட்டமாக இருந்தாலும் கதிர்கள் கணிசமாக வந்து சேரும். தோலை முதுமையாக்கும் நீண்ட அலைக் கதிர்கள் பேருந்துக் கண்ணாடியையும் கடந்து வரும்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் நம்பூர் நகரில் 900-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நான்கரை ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. சூரியத் தடுப்புக் களிம்பை நாள்தோறும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை அடைவது, விருப்பப்படி எப்போதாவது பூசியவர்களைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2013-இல் வெளியிட்டார்கள். எந்த ஒரு கீரையும் பழமும் இவ்வளவு தெளிவான சான்றைக் காட்டியதில்லை. நம் நிறத்திற்குக் களிம்பு தேவையில்லை என்று நம்மவர்கள் பலர் இன்னும் நம்புகிறார்கள். கருநிறத் தோலுக்கு இயற்கைப் பாதுகாப்பு கூடுதல் என்பது சரிதான். அதனால் நமக்குச் சுருக்கம் தாமதமாக வருகிறது. ஆனால் திட்டுகளும் நிறமாற்றமும் முந்திக்கொண்டு வந்துவிடுகின்றன. என் குழுவில் உள்ள தமிழகத் தொழிலாளர்களுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போடச் சொல்லி நான் நாள்தோறும் மன்றாட வேண்டியிருக்கிறது.

உணவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் மதியம் சாப்பிடப் போகும்போது கையில் ஒரு குடை இருக்கட்டும் என்கிறேன்.

செங்காங் வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உணவியலாளர் அம்மா சொன்னபடி கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். தோல் தடித்துத்தான் இருக்கிறது, அக்குளிலும் அப்படியே. தாலிச் சங்கிலி உரசுவதால் வந்த கருமை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். என் அப்பாவுக்கு நீரிழிவு உண்டு, அத்தைக்கும் உண்டு. படித்தவுடன் மனம் கலங்கியது உண்மை.

மேலும் இரண்டு ஐயங்கள். பாதாம் சாப்பிட்டால் சுருக்கம் குறையும் என்று எங்கும் படிக்கிறேன், அது சரியா? இரவில் மஞ்சள் பால் குடிப்பது நல்லதா, அல்லது மஞ்சள் சத்து மாத்திரை வாங்கலாமா? என் விரல் கணுக்களும் முன்பைவிடக் கறுத்திருக்கின்றன. அதற்கும் இதே காரணம்தானா?

ஈசூன் இளைஞன்:

அம்மா, இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். நான் தேசிய சேவையில் இருக்கிறேன். உடற்பயிற்சிக்காகப் பாலிலிருந்து எடுக்கும் வே புரதத் தூளை நாள்தோறும் இருமுறை குடிக்கத் தொடங்கிய பிறகு தாடையிலும் முதுகிலும் பருக்கள் மிகுதியாக வருகின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

ஓய்வுபெற்ற உணவியலாளர், தோ பாயோ:

தங்கையே, கலங்க வேண்டாம். இந்தக் கட்டத்தில் தெரிந்துகொண்டது நன்மைக்கே. இன்சுலின் எதிர்ப்பு நிலையை உணவாலும் நடையாலும் எடைக் குறைப்பாலும் பெருமளவு திருப்ப முடியும், அது சீரடையும்போது கழுத்தின் கருமையும் மெல்ல மங்குவதை நான் என் நோயாளிகள் பலரிடம் கண்டிருக்கிறேன். உங்களுக்கு நாற்பது வயது கடந்துவிட்டதால், 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்க நோய்த் தடுப்புத் திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளுங்கள். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகளாக இருந்தால், அத்திட்டம் பரிந்துரைக்கும் நீரிழிவு, கொழுப்புப் பரிசோதனைகளுக்குக் கட்டணம் இல்லை. தந்தைக்கு நீரிழிவு இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

விரல் கணுக்களின் கருமைக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். நீண்ட காலம் புலால் உண்ணாதவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும்போது கணுக்களில் நிறம் கூடுவதுண்டு. அந்தச் சத்து இயல்பாக விலங்கு உணவுகளில் மட்டுமே இருக்கிறது. உங்களுக்குப் பாலும் முட்டையும்தான் அதைத் தர முடியும். காயா ரொட்டியோடு பாதியளவு வெந்த முட்டை இரண்டையும் சேர்த்துக்கொண்டு காயாவைப் பாதியாகக் குறைத்தாலே காலை உணவு வேறாகிவிடும். இரத்தப் பரிசோதனை செய்யும்போது பி12-ஐயும் இரும்புச் சத்தையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அவற்றுக்குத் தனிக் கட்டணம் இருக்கும். இரும்புச் சத்துக் குறைந்தாலும் முகம் வெளிறிக் களையிழந்து தெரியும், முடியும் கொட்டும். கீரையிலுள்ள இரும்பை உடல் ஏற்கும் அளவு ஏற்கெனவே குறைவு. சாப்பிட்டவுடன் குடிக்கும் தே அதையும் தடுத்துவிடுகிறது. அதனால் சாப்பாட்டுக்கும் தேவுக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேருங்கள், அவை இரும்பை உடலில் சேர்க்க உதவும்.

பாதாம் நல்ல உணவு. அதில் வைட்டமின் இ இருக்கிறது. ஆனால் சுருக்கம் குறைந்ததாகக் கூறும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வுகள் சிறியவை. வெயிலில் எளிதில் சிவந்துவிடும் வெள்ளைத் தோல் கொண்ட, மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தப்பட்டவை. நிதி கொடுத்தது கலிஃபோர்னியப் பாதாம் வாரியம். அந்தப் பெண்கள் தம் நாளின் கலோரியில் ஐந்தில் ஒரு பங்கைப் பாதாமாகவே உண்டார்கள். நம் தோலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. மாலையில் ஒரு சிறு கைப்பிடி பாதாமோ வேர்க்கடலையோ பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள் என்ற அளவில் நான் நிறுத்திக்கொள்வேன். தேக்கா தங்கை சொன்ன தக்காளித் தொக்குக்கும் ஓர் ஆய்வு உண்டு: 2011-இல் பிரிட்டனில் வெளியான அதில், இருபது பெண்களில் ஒரு பிரிவினர் 55 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயோடு நாள்தோறும் பன்னிரண்டு வாரம் உண்டார்கள், புறஊதாக் கதிர் பட்டுத் தோல் சிவப்பது அவர்களிடம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் தொக்குக்குச் செலவு ஒன்றும் இல்லையே. மேலே சகோதரர் சொன்ன குடைக்கும் களிம்புக்கும் அது மாற்று ஆகாது. அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன்.

மஞ்சளைப் பாலிலும் குழம்பிலும் தாராளமாகச் சேருங்கள், பாலில் சர்க்கரை வேண்டாம். மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். அடர்த்தியான மஞ்சள் சத்து மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. சத்து மாத்திரைகள் இங்கே விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் நம் மக்கள் பலர் அறிவதில்லை. கடையில் இருப்பதாலேயே அரசாங்கம் சோதித்து அனுமதித்தது என்று எண்ணிவிடுகிறார்கள். நிறத்தை வெளுக்கச் செய்வதாக இணையத்தில் விற்கும் களிம்புகளில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்திருப்பதை அந்த ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. கன்னத் திட்டுகளுக்காக யாரேனும் அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தால் தொடாதீர்கள்.

தம்பி, உங்கள் ஐயம் நியாயமானது. வே புரதத் தூளுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். பாலும் சிலருக்குப் பருவைத் தூண்டுகிறது. ஆஸ்திரேலியாவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், 15 முதல் 25 வயது வரையிலான ஆண்கள் 43 பேரில், இரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவைப் பன்னிரண்டு வாரம் உண்டவர்களுக்குப் பருக்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தன. தூளை நிறுத்திவிட்டு, முகாம் உணவகத்தில் கிடைக்கும் முட்டை, கோழி, மீன், தவ்குவா ஆகியவற்றிலிருந்து புரதத்தை எடுத்துக்கொண்டு, இனிப்புப் பானங்களையும் விட்டுப் பாருங்கள். முதுகில் வடு விழும் அளவுக்குப் பெரிய பருக்கள் இருந்தால் காத்திருக்காமல் முகாம் மருத்துவரைப் பாருங்கள்.

தங்கையே, மாற்றம் தெரிய எவ்வளவு காலம் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும், வயது கூடக்கூட இன்னும் சற்று மெதுவாக. அதனால் இரண்டு மூன்று மாதங்களாவது விடாமல் உண்ட பிறகே முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யலாம். கழுத்துக்கு அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். கன்னத் திட்டுகள் பரவினாலோ, அவற்றுள் ஏதேனும் ஒன்று வடிவம் மாறினாலோ, பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு தேசிய சரும நிலையத்திற்குச் செல்லுங்கள். கடிதத்துடன் சென்றால் உதவித்தொகை பெற்ற கட்டணம்தான். போகும்போது இப்போது நீங்கள் பூசிக்கொள்ளும், விழுங்கும் எல்லாவற்றையும், அம்மா அனுப்பிய லேகியம் உட்பட, பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.